கடலுக்குப் போகும் வழியில் நின்ற இடங்கள்

திண்டுக்கல்லில் மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, பூட்டும் புகையிலையும் இருக்கின்றன. கடல் இல்லை. ஆகப் பக்கத்தில் என்று தேடினால் தொண்டிக் கரை. அதுவே 150 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரம் ஏறக்குறைய 235, வேளாங்கண்ணி அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனாலும் எங்கள் சமவெளியில் கடலில் கால் நனைக்காதவர்கள் குறைவு. வேண்டுதல் கூட்டிப் போய்விடும். ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம், சஷ்டிக்குத் திருச்செந்தூர். மாரம்பாடி, பஞ்சம்பட்டி, வெள்ளோடு ஜனங்களுக்குச் செப்டம்பர் 8 என்றால் வேளாங்கண்ணி. பேகம்பூர்க்காரர்களுக்குக் கந்தூரி என்றால் நாகூர், இல்லாவிட்டால் ஏர்வாடி. சாமி வேறு வேறு, கடல் ஒன்று. கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பிய குடும்பத்தை என் சின்ன வயதில் நான் கண்டதில்லை. பிள்ளைகள் மட்டும் போகிற வழியெல்லாம் கடலைத்தான் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 1605-ல் முத்துக்கிருஷ்ண நாயக்கர் மலைமேல் கோட்டை கட்டியதும், 1755-ல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்து உட்கார்ந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் இதே ஊரிலிருந்து ஒரு குடும்பம் குஞ்சுகுளுவான்களோடு கடலுக்குப் போனால் எதில் போனது, எங்கே படுத்தது, எங்கே தண்ணீர் குடித்தது என்று கேட்டால் எந்தப் பாடமும் வாய் திறப்பதில்லை. மகன் மின்சாரக் கார் வாங்கிய பிறகு அந்தக் கேள்வி எனக்குள் பெரிதாகிவிட்டது. அந்தக் கார் வழியில் நிற்கிறது. அதற்கு முன் எங்களிடமிருந்த டீசல் கார் எங்கும் நின்றதில்லை.

பாட்டிமார் காலத்துப் பயணம் கூண்டுவண்டியில். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் தாண்டினால் அதிகம். அப்படியானால் ராமேஸ்வரம் போக மட்டும் எட்டு நாள். வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் பூட்டி, அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, இரவு முழுவதும் ஓட்டுவார்கள். நாலைந்து வண்டி சேராமல் கிளம்புவதில்லை, திருட்டுப் பயம். விடிந்ததும் அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சமையல். எங்கே அவிழ்ப்பது என்பதை மாடுதான் முடிவு செய்தது. தண்ணீர் கிடைக்க வேண்டும், வைக்கோல் கிடைக்க வேண்டும், லாடம் கழன்றிருந்தால் அடிக்க ஆள் வேண்டும். அந்த மூன்றும் இருந்த இடம் வண்டிப்பேட்டை. அதை ஒட்டி ஒரு சத்திரம், ஒரு கிணறு, மாடு குடிக்கக் கல்தொட்டி, சுமை இறக்கிவைக்கச் சுமைதாங்கி.

சத்திரம் கட்டியவர்களில் எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவது ராணி மங்கம்மாளை. பேரன் சிறுவனாக இருந்ததால் 1689-லிருந்து 1706 வரை மதுரை நாட்டை அவரே நடத்தினார். சாலை போட்டார், ஓரத்தில் மரம் வைத்தார், சத்திரம் எழுப்பினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைத் தாண்டாமல் திண்டுக்கல்காரர் யாரும் மதுரைக்குள் போயிருக்க மாட்டார். மதுரைக்குக் கிழக்கே ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமை. சேது யாத்திரை போகிறவர்களுக்குச் சத்திரம் வைத்துச் சோறு போடுவதை அவர்கள் தங்கள் கடமையாகவே வைத்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே பழனி ரோட்டில் ஒட்டன்சத்திரம் என்று ஊரே இருக்கிறது. இன்று அங்கே காய்கறி லாரிகள் நிற்கின்றன.

1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த வருஷமே அது தூத்துக்குடிக் கடலைத் தொட்டுவிட்டது. வண்டியில் நாள்கணக்கில் போன தூரம் ஒரு நாளுக்குள் சுருங்கியது. ராமேஸ்வரத்துக்கு மட்டும் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1902-ல்தான் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் ரயில் கடலைத் தாண்டித் தீவுக்குள் போனது. ரயில் வந்த பின்னும் நிற்பது ஓயவில்லை. எஞ்சின் தண்ணீர் குடிக்க வேண்டும். மானாமதுரையில் அது தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் இறங்கி மண்கூஜா வாங்கியதை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கிய கூஜா வழியிலேயே உடைந்துபோனதால் அதன் விலையும் அவருக்கு மறக்கவில்லை.

பஸ் கதைக்கு வந்தால் நான் கொஞ்சம் நின்று நிதானமாகத்தான் சொல்வேன், இது என் குடும்பத் தொழில்.

1920-ல் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். பழனி அன்று மதுரை ஜில்லா. 1985-ல் எங்கள் மாவட்டம் பிரிந்தபோது எங்களோடு வந்தது. அந்த ஒரு பஸ்தான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அதே நாயுடு 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். பழனி ரோட்டில் பெட்ரோல் பஸ் ஓட்டி ஆரம்பித்த மனிதர் மின்மோட்டாரில் போய்ச் சேர்ந்ததை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. சொல்லாமல் விட மனசு வரவில்லை.

யுத்தம் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன். அடுத்த வருஷம் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ் முதலாளிகள் கரிக்கு மாறினார்கள். மதுரையில் டி.வி.எஸ். பட்டறையிலேயே கேஸ் பிளான்ட் வடிவமைத்துச் செய்து கொடுத்தார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா அந்தக் காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனர். பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. காலையில் நாலு மணிக்கு அதன் சாம்பலைக் கிளறிக் கொட்டி, கரியை நிரப்பி, நெருப்பு வைத்து, கைப்பிடி போட்ட ஊதுவிசிறியைக் கால் மணி நேரம் சுற்ற வேண்டும். உள்ளே காற்றைக் குறைத்து விடுவதால் கரி முழுசாக எரியாது. எரியக்கூடிய வாயுவாக மாறி வரும். கார்பன் மோனாக்சைடு என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தாத்தாவுக்கு அது ‘கேஸு’. அதைத் தூசி போக வடிகட்டி, ஆறவைத்து, எஞ்சினுக்கு விடுவார்கள். பெட்ரோலில் ஓடியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சக்தி குறைவு. மேடு வந்தால் ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். வழியில் நிறுத்திச் சாம்பல் தள்ள வேண்டும், வடிகட்டியைத் தட்ட வேண்டும், மேல்தட்டில் கட்டியிருக்கிற மூட்டையை அவிழ்த்து மறுபடி கரி கொட்ட வேண்டும்.

அப்படி நிற்கிற நேரத்தில் பயணிகள் என்ன செய்தார்கள் என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். “என்ன செய்வாக, மரத்தடியில உக்காந்து கட்டுச்சோத்தப் பிரிப்பாக. பிள்ளைக கரியப் பொறுக்கிக்கிட்டு ஓடும். நான் விரட்டுவேன்” என்றார். மந்தாரை இலையில் கட்டிய புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கிளீனருக்கும் ஒரு பங்கு வரும். அவருக்குக் கடைசிவரை இருமல் இருந்தது. உருளை மூடியைத் திறக்கும்போது அடித்த புகையை எத்தனை வருஷம் குடித்தாரோ. அதையும் எழுதாமல் கரி பஸ் கதையை அழகாக மட்டும் சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம்.

யுத்தம் முடிந்து பெட்ரோலும் டீசலும் திரும்பிவந்ததும் கரி உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. பஸ் நிற்கிற இடங்கள் குறைந்தன. ஆனாலும் ராமேஸ்வரம் போகிற பஸ் மண்டபத்தோடு நின்றாக வேண்டும். அங்கிருந்து ரயிலேறித்தான் தீவு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலமும் சிதைந்தபோது அந்த வழியும் அறுந்தது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து ரயிலை ஓடவிட்டார். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி கையால் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டி 14 வருஷம் ஆகியிருந்தது.

அதன் பிறகு வேன் காலம். எங்கள் தெருவே சேர்ந்து மெட்டாடர் வேன் பிடித்துப் போவோம். அதற்கும் பின்னால் நான்குவழிச் சாலை, சொந்தக் கார். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி எல்லாம் பாலத்துக்குக் கீழே போய்விட்டன. டோல்கேட்டில் ஒரு நிமிஷம், பங்கில் ஐந்து நிமிஷம். பின் சீட்டில் பிள்ளைகள் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். மதுரை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மின்சாரக் கார் என்ற எண்ணம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1993-லேயே சாலக்குடியிலும் கோவையிலும் ‘லவ்பேர்ட்’ என்று இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் காரைச் செய்தார்கள். ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினால் சமயநல்லூர் வரை வரும், மதுரைக்குள் நுழையாது. அது நிலைக்கவில்லை. 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. அதுவும் ஊருக்குள் சுற்றுகிற வண்டிதான். லித்தியம் பேட்டரி விலை இறங்கி, 2020-க்குப் பின் நடுத்தரக் குடும்பங்கள் வாங்குகிற கார்களே 200, 300 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான் கடல் எட்டியது. தமிழக அரசு 2019-ல் மின்வாகனக் கொள்கை கொண்டுவந்து சாலை வரியைத் தள்ளுபடி செய்தது. என் மகன் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராமேஸ்வரத்துக்குக் கிளம்பியபோது 100 சதவீதம். பச்சை நம்பர் பிளேட்டைக் காட்டிப் பேரனும் பேத்தியும் தெருப் பிள்ளைகளிடம் பெருமை பேசி முடிக்கவே அரைமணி நேரம் ஆனது. வண்டி ஓட ஓட முன்னால் திரையில் அந்த எண் குறையும். போனை வைத்துவிட்டு இரண்டும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தன. மகன் நூறில் போனால் அது மளமளவென்று இறங்கும். எழுபதில் போனால் பொறுமையாக இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிட வேகமாகக் கூடும் என்று நான் சொல்லாமலே பேத்திக்குப் புரிந்துவிட்டது. “அப்பா, மெதுவாப் போங்க, அம்பதுக்குக் கீழ வந்திருச்சு” என்று அவளே ஓட்டுநரை அதட்டினாள். மாட்டுவண்டியில் வந்த பிள்ளைகளுக்கும் மாடு களைத்ததா இல்லையா என்பது இப்படித்தான் தெரிந்திருக்கும்.

பரமக்குடிப் பக்கம் வந்தபோது முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு பெட்ரோல் பங்கின் மூலையில் சார்ஜர். செருகினால் எண்பதுக்கு ஏற ஒரு மணி நேரம். அங்கே உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. கழிப்பறைக்குச் சாவி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மருமகள் பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் கொடுத்தாள். நான் சாலைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்கு மேலே எழும்புகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரிமூட்டம். ராமநாதபுரம் சீமை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் கரியாக்கி விற்பது இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். முழங்கை நீளத்துக்கு வெட்டிய கட்டைகளைக் குவியலாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் மெழுகியிருந்தார்கள். அங்கங்கே குச்சியால் குத்திய ஓட்டைகள். ஒரு மூட்டத்திலிருந்து வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தது, பக்கத்து மூட்டத்தில் மெல்லிசாக, நீலமாக. தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா மண்வெட்டியோடு அந்த மூட்டங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். மண் வெடித்த இடத்தில் உடனே ஒரு மண்வெட்டி ஈரமண் அள்ளி வைத்து அழுத்தினார்.

“பக்கத்துல வராதீக தாயி, மேல கால வச்சா உள்ள போயிரும்” என்று பேத்தியைத் தள்ளி நிற்கச் சொன்னார். புகை ஏன் வேறு வேறு நிறம் என்று பேரன் கேட்டான். “வெள்ளையா வந்தா கட்டையில ஈரம் இருக்குன்னு அர்த்தம்யா. நீலமாச்சுன்னா வெந்திருச்சு, மூடிரணும். காத்துப் போச்சுன்னா அம்புட்டும் சாம்பல்.” வெயில், அனல், புகை. அந்த அம்மாவின் கண் ஓரம் சிவந்திருந்தது. ஒரு வாரம் ராத்திரி பகல் பாராமல் காவல் இருக்க வேண்டுமாம். தூங்கினால் காசு சாம்பல்.

தாத்தாவின் கதையை அங்கே நின்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். இந்த மாதிரிக் கரியைத்தான் என் தாத்தா பஸ்ஸுக்கு ஊட்டினார், உள்ளே காற்றைக் குறைத்தால் கட்டை கரியாகும், கரியிலும் காற்றைக் குறைத்தால் கேஸாகும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, “கரியில பஸ்ஸு ஓடுச்சா?” என்று மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார். பேரனுக்குச் சந்தேகம் வேறு: “அப்பத்தா, நம்ம கார் கரண்டும் கரியிலதான வருது?” பாதி உண்மை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. ஆனால் இதே மாவட்டத்தில் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தார்கள். தெற்கே காற்றாலைகள் சுழல்கின்றன. கம்பியில் எல்லாம் கலந்துதான் வருகிறது, பங்கு மாறிக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். டீசல் காரில் வந்திருந்தால் இந்தக் கேள்வி அவன் வாயில் வந்திருக்காது, அந்த அம்மாவையும் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

பாம்பனில் எல்லோரையும் போல நாங்களும் எட்டிப் பார்த்தோம். பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பலுக்காகத் திறக்க ஆட்கள் நின்று கையால் நெம்புகோலைச் சுற்ற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகிறது, மோட்டார் தூக்குகிறது. தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் போனோம். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு சொந்தக் காரே முனைக்குப் போகிறது. அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான்.

சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. சார்ஜர் வைக்கிற இடத்தில் இந்த நாடு மிஷினை மட்டும் வைக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் அங்கே இருக்கப் போகிற ஒரு தாயை யாரும் நினைக்கவில்லை. நிழல், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, ஒரு கல்பெஞ்சு. இந்த நாலும் இல்லாத இடத்துக்குச் சார்ஜர் அனுமதி கொடுக்கவே கூடாது என்று சட்டம் வர வேண்டும். பேராசை என்று நினைப்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பார்க்கட்டும். அங்கே மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், ராமேஸ்வரம் சாலையில் தன் குடும்பத்துச் சத்திரங்கள் என்னென்ன செய்கின்றன என்று விவரித்திருக்கிறார். எல்லா ஜாதியாருக்கும் சோறு, நோயில் விழுந்த வழிப்போக்கனுக்கு மருந்து, வழியில் வலியெடுத்த கர்ப்பிணிக்குப் பேறுகாலக் கவனிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சத்திரத்துக்கு விட்ட நிலங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட கடிதம் அது.

ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. வரும் செப்டம்பரில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு வேளாங்கண்ணி போகிறோம். தஞ்சாவூரில் எப்படியும் சார்ஜுக்கு நிற்க வேண்டும். ஒரத்தநாடு அங்கிருந்து தெற்கே 25 கிலோமீட்டருக்குள்தான். போய்வருகிற கணக்கைப் பேத்தி இப்போதே போட்டு, பேட்டரி தாங்கும் என்கிறாள்.